ஒப்பந்தத்தில் ஆற்றுக்கும் ஓர் இடம்

பண்டார் தெங்காராவைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். 1972இல் அமைக்கப்பட்ட கெஜோரா என்னும் வட்டார மேம்பாட்டு வாரியம், காட்டைத் திருத்தி உருவாக்கிய ஊர்களில் இதுவும் ஒன்று. மாணவர்களே, அந்த நிலத்தின் வழியாக ஓடும் தண்ணீரைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப்போகிறேன்.

லிங்கியூ, சாயோங் ஆறுகள் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியைச் சேர்ந்தவை. அந்த நீர் கோத்தா திங்கி வழியாகக் கடலை நோக்கிப் போகிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் அதிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். இந்த உரிமை 2061 வரை உண்டு. ஜொகூர் மக்கள் குடிப்பதும் இதே ஆற்று நீரைத்தான்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். 2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குக் கையெழுத்திட்டன. முதல் 5 ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 திறன்மிக்க வேலைகள் என்பது இலக்கு. மண்டலத்தின் 11 துறைகளில் பசுமைப் பொருளாதாரமும் ஒன்று. மகிழ்ச்சிதான். ஆனால், ‘பசுமை’ என்றதும் பெரியவர்கள் பேசுவது பெரும்பாலும் மின்சாரத்தைப் பற்றித்தான். அதிலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. 2022 ஜூனில் லாவோசின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியது. நான்கு நாடுகள் சேர்ந்து ஒரே கம்பியில் மின்சாரம் அனுப்புவது சாதாரண விஷயமல்ல.

மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுவரலாம். தண்ணீருக்கு அந்த வசதி இல்லை. ஆறு எங்கே பிறக்கிறதோ அங்கேதான் அதைக் காக்க வேண்டும். ஜொகூரில் பெருகிவரும் தரவு மையங்களின் கணினிகளைக் குளிர்விக்கவும் நீர் வேண்டும்.

1990இல் செய்த இன்னோர் ஒப்பந்தத்தின்படி லிங்கியூ அணை கட்டப்பட்டது. மழை குறையும்போது அணையிலிருந்து நீரைத் திறந்துவிடுவார்கள். அந்த நீரோட்டம் கடலின் உப்புநீரை மேலே ஏறவிடாமல் கீழே தள்ளும். நீர் எடுக்கும் இடத்துக்கு உப்பு வந்துவிட்டால் சுத்திகரிப்பு நிலையம் இயங்காது. 2016 அக்டோபரில் அணையின் நீர் கொள்ளளவில் 20 விழுக்காடாகச் சரிந்தது. ஆற்றுக்கு உப்பு மட்டும் எதிரியல்ல. 2019 ஏப்ரலில் ஆற்றில் அமோனியா கூடியதால் சுத்திகரிப்பு நிலையத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. கிருமியைக் கொல்லப் போடும் குளோரினோடு அமோனியா வினைபுரிந்து, குளோரினின் வேலையைக் கெடுத்துவிடும்.

மேற்பகுதியில் என்ன செய்யலாம்? முதலில் செம்பனை ஆலைகளைப் பாருங்கள். ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் வருகிறது. குளத்தில் தேங்கும் அந்தக் கழிவை, ஆக்சிஜன் இல்லாத அடிப்பகுதியில் நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது மீத்தேன் பிறக்கிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரிமில வாயுவைவிட அது ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைக் கூட்டும். குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்தால் மின்சாரம் எடுக்கலாம். புதிய ஆலைகளுக்கு இது 2014 முதல் கட்டாயம். பழைய ஆலைகளுக்குத்தான் பணமும் தூண்டுதலும் தேவை.

அடுத்தது ஆற்றங்கரை. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றின் இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டுதல். அந்தப் பட்டையில் மரம் இருந்தால் உரமும் மண்ணும் ஆற்றில் கலப்பது குறையும். யானையும் தாப்பிரும் காட்டுக்குக் காடு போக வழியும் கிடைக்கும். தோட்டத்துக்காரருக்கோ அது சில வரிசை செம்பனை இழப்பு. அந்த இழப்பை அவர் மட்டும் சுமக்க வேண்டும் என்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

நியூயார்க் நகரம் 1997இல் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தது. பல பில்லியன் டாலர் செலவில் வடிகட்டு ஆலை கட்டுவதைவிட, கேட்ஸ்கில் மலைப்பகுதி விவசாயிகளுக்கும் ஊர்களுக்கும் பணம் கொடுத்து நீர்ப்பிடிப்பைக் காப்பது மலிவு என்று ஒப்பந்தம் போட்டது. நமக்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. லிங்கியூ நீர்த்தேக்கத்துக்காக இழந்த நிலத்துக்குச் சிங்கப்பூர் 320 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு தந்தது. அதே வழக்கத்தைக் கரைக் காடுகளுக்கும் நீட்டலாமே! 50 திட்டங்களில் ஒன்றாவது மேற்பகுதிக்கு வரட்டும். ஆண்டறிக்கையில் முதலீட்டுத் தொகையோடு ஆற்றின் அமோனியா அளவும் அச்சாகட்டும்.

நீங்களும் இதில் இறங்கலாம். ஆற்றுக்குள் அல்ல, ஆசிரியர் இல்லாமல் கரைக்கும் போகாதீர்கள்! மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் அமோனியா சோதனைப் பெட்டி ஒன்று அறிவியல் கழகத்துக்குப் போதும். ஒரே இடத்தில், மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை எடுத்து, தேதியோடு ஓராண்டு எழுதி வையுங்கள். பிறகு சட்டமன்ற உறுப்பினர் பள்ளிக்கு வரும்போது அந்த ஏட்டை அவர் கையில் கொடுங்கள்.