கை தூக்கியவன் எல்லாம் தலைவனா?



"மலைக்குப் போறோம் மச்சான், நான் கூட்டிட்டுப் போறேன்!" ஃபைனல் இயர் வந்துவிட்டால் ஹாஸ்டலில் கேட்கும் குரல் இது. கொல்லிமலையோ ஏலகிரியோ, முதலில் கை தூக்கியவன்தான் தலைவன். அவன் எத்தனை நாள் மலையில் நடந்திருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

2018 மார்ச் 11-ஐ மறக்க முடியுமா? தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, நடக்கப் போன இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. காய்ந்த புல்லில் தீ நம் காலைவிட வேகமாக ஓடும். கோடையில் எந்தப் பாதை ஆகாது என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லத் தெரிந்தவர்தான் தலைவர்.

லேத்தில் ஒரு நாள் நின்றவனை ஃபோர்மேன் ஆக்குவார்களா? பிரிட்டனில் மலை நடைத் தலைவர் பயிற்சியில் சேரவே 20 நாள் நடந்த கணக்கு வேண்டும். தேர்வுக்கு 40 நாள். எல்லாம் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். ரெக்கார்டு முடிக்காதவனைப் பிராக்டிகலுக்கு விடமாட்டார்கள் அல்லவா, அதே கதைதான்!

"வயலும் கடலுமா இருக்குற பூம்புகார்ல மலைக்கு எங்கப்பா போறது?" என்பீர்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகியையும் கோவலனையும் புகாரிலிருந்து அழைத்துப் போகும் கவுந்தியடிகள், கிழங்கு தோண்டிய குழிகளைப் பூக்கள் மூடியிருக்கும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார். பிறகு கண்ணகிக்கு வெயில் தாங்காது என்றதும் இரவில் நடக்கிறார்கள். கூட்டத்தில் மெலிந்தவரின் நடைதான் எல்லோருக்கும் நடை. தலைமையின் முதல் பாடம் இதுதான். இதற்கு மலையே வேண்டாம்.

காம்பஸும் சம உயரக் கோடும் சிவில் பிரிவு நண்பர்களுக்கு சர்வே வகுப்பிலேயே உண்டு. மற்றவர்கள் அவர்களிடம் கேட்கலாம். முதலுதவியை இங்கேயே பழகலாம். பிறகு மலை. 2024-ல் தமிழக வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக நியமித்தது. அவர்கள் பின்னால் நடந்து, தினமும் குறிப்பு எழுதுங்கள். ஆர்வம் மிகுந்தவர்களுக்கு உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது.

நண்பர்களே, உச்சிக்குக் கூட்டிப்போக ஆள் நிறையக் கிடைப்பார்கள். பாதி வழியில் மேகம் கறுத்தால், முப்பது பேர் முறைத்தாலும் "போதும்டா, திரும்பிடலாம்" என்று சொல்லும் துணிச்சல், பல நாள் நடந்தவனுக்கே வரும். இந்த வருடம் அப்படி ஒருவன் பின்னால் நடப்போமா?