எச்.எம். ஆவதற்கு என்ன படிக்கணும்?

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கல்வியாளன் இல்லை. விருதுநகரில் பி.காம். முடித்து, பரீட்சை எழுதி வங்கியில் சேர்ந்தவன். பெங்களூர் வந்து பதினாலு வருஷம் ஆகிறது. இப்போது சிவாஜிநகரில் ஒரு கிளையில் ஆபீசர். ரஸ்ஸல் மார்க்கெட் வியாபாரிகள், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர்கள், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் என்று கவுண்ட்டரில் நாள் முழுக்கத் தமிழும் உருதும் கன்னடமும் ஓடும்.

ஒரு ஏப்ரல் முதல் வாரம். பக்கத்தில் ஒரு சின்ன அரசுப் பள்ளியின் எச்.எம். வந்தார். தமிழ்க்காரம்மா. முகத்தில் பதற்றம்.

"சார், ஸ்கூல் கிராண்ட் இருபத்தஞ்சாயிரம் இருந்துச்சு. இப்ப ஜீரோன்னு காட்டுது. யார் எடுத்தாங்க சார்?"

"உட்காருங்க மேடம், யாரும் எடுக்கல."

2021-க்குப் பிறகு இந்தத் திட்டப் பணம் பள்ளிக் கணக்குக்கு வந்து உட்காருவதில்லை. மாநில அளவில் ஒரே கணக்கில் இருக்கும். பள்ளிக்கு இவ்வளவு செலவு செய்யலாம் என்று ஒரு வரம்பு மட்டும் தருவார்கள். மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் அந்த வரம்பு போய்விடும். இதை நான் விளக்கிச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு போட வைத்திருந்த பணமாம். கொட்டேஷன் வாங்கி, எஸ்.டி.எம்.சி. தலைவர் ஊரில் இல்லாமல் தீர்மானம் தள்ளிப்போய், அப்புறம் பரீட்சை வந்து... மார்ச் முடிந்துவிட்டது. இருபத்து நாலு வருஷம் கணக்கு டீச்சர். எச்.எம். ஆகி பத்து மாசம். "பழைய எச்.எம். ரிடையர் ஆகும்போது சாவியும் ரெஜிஸ்டரும் குடுத்துட்டுப் போனாங்க சார். வேற யாரும் ஒண்ணும் சொல்லித் தரல" என்றார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், என்னை இப்படி யாரும் தண்ணீரில் தள்ளிவிடவில்லை. புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தபோது பயிற்சிக் கல்லூரி, பிறகு கிளை கிளையாக ஒவ்வொரு சீட்டிலும் வேலை. ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்று பரீட்சைகள். அதை நடத்தும் அமைப்பு 1928-லேயே தொடங்கியது. பத்து லட்சம் கடன் கொடுப்பவனுக்கு இவ்வளவு பயிற்சி என்றால், அறுபது பிள்ளைகளை ஒப்படைக்கிறோமே, அவருக்கு?

நல்ல வாத்தியார் என்பதும் நல்ல எச்.எம். என்பதும் ஒன்றில்லை. மதிய உணவுக் கணக்கு, யூடைஸ் விவரம், ஆசிரியர் விடுப்பு, பெற்றோர் சண்டை, கட்டட ரிப்பேர் எல்லாம் ஒரே தலையில். இதில் எதையும் பி.எட். சொல்லித் தருவதில்லை. நம்ம தமிழ்நாட்டிலும் பெரும்பாலும் சீனியாரிட்டிதான் எச்.எம். நாற்காலியில் உட்கார வைக்கிறது.

நம் நாட்டில் யாரும் இதை யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. டெல்லியில் யுனெஸ்கோ உதவியோடு 1962-ல் கல்வி நிர்வாகிகளுக்கு ஒரு மையம் வந்தது. அதுதான் 1979-ல் நீபா ஆகி, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு அங்கே ஒரு டிப்ளமோ நடத்தினார்கள்: மூன்று மாதம் டெல்லியில் வகுப்பு, மூன்று மாதம் சொந்த மாவட்டத்தில் களவேலை. பிறகு அது ஒரு வருஷ முதுநிலை டிப்ளமோ ஆனது. கர்நாடகத்துக்கும் தார்வாடில் ஒரு பயிற்சி நிறுவனம் உண்டு. 2020 தேசியக் கல்விக் கொள்கை எச்.எம்.களுக்கு வருஷத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. நல்லதுதான். ஆனால் 50 மணி என்பது ஒரு வாரத்துச் சமாசாரம். அதுவும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு.

சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 2001 முதல், பிரின்சிபால் ஆகப்போகிறவரை ஆறு மாதம் வேலையிலிருந்து விடுவித்து முழுநேரம் படிக்க அனுப்புகிறார்கள். முதலில் படிப்பு, பிறகு பதவி. இலங்கையில் அதிபர் சேவை என்று தனிச் சேவையே இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் முதுகலைப் பட்டம் இல்லாமல் பிரின்சிபால் உரிமம் கிடைக்காது.

பட்டம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆகாது. வங்கியிலும் பயிற்சி என்றால் சமோசா சாப்பிட்டு சர்ட்டிபிகேட் வாங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் 2009-ல் புது எச்.எம்.களுக்குக் கட்டாயமாக்கிய தகுதிச் சான்றை 2012-ல் கட்டாயம் இல்லை என்று மாற்றிவிட்டார்கள். காகிதத்தை நம்பி நானும் வாதாடவில்லை.

என் யோசனை ரொம்பச் சாதாரணமானது. எச்.எம். பட்டியலில் பெயர் வந்ததும் ஆறு மாதம் சம்பளத்தோடு பயிற்சி. அதில் பாதி நாள் அனுபவமுள்ள ஒரு எச்.எம். பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கணும். கணக்கு, சட்டம், ஆட்களை வேலை வாங்குவது, இந்த மூன்றும் அவருக்குப் புரிகிற மொழியில். அவருக்கு மேலே ஒரு தாலுகாவையோ மாவட்டத்தையோ நிர்வகிக்கப் போகிறவருக்கு முதுநிலைப் படிப்பு கட்டாயம். நூற்றுக்கணக்கான பள்ளிகளைக் கையில் வைத்திருப்பவர் சர்க்குலரை மேலிருந்து கீழே தள்ளிவிடும் தபால்காரராக இருக்கக் கூடாது. அந்த டீச்சரம்மாவை பிப்ரவரியிலேயே யாராவது அதிகாரி கூப்பிட்டு, "பணம் இன்னும் செலவாகலையேம்மா, என்ன தடை?" என்று கேட்டிருந்தால் போதும்.

நம் பிள்ளைகள் பிரைவேட் ஸ்கூலில்தானே படிக்கிறார்கள், நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். அங்கேயும் பிரின்சிபால் அந்த வேலைக்கென்று என்ன பயிற்சி எடுத்தார் என்று நாம் கேட்டதே இல்லை. ஃபீஸ் எவ்வளவு, பஸ் வருமா என்று மட்டும்தான் கேட்கிறோம். அடுத்த மீட்டிங்கில் கேட்டுப் பாருங்கள்.

ஜூன் மாதம் அந்த எச்.எம். மறுபடி வங்கிக்கு வந்தார். கதவு போட்டாச்சாம். ஒரு பையனின் அப்பா, தச்சு வேலை செய்கிறவர், மிச்சப் பலகையில் காசு வாங்காமல் செய்து கொடுத்தாராம். சந்தோஷம் என்றேன்.

"ஆனா ஏழாங்கிளாஸ் பொண்ணுங்க ரெண்டு பேர் டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க சார்" என்றார்.