பயிரா, களையா? இலையைப் பாருங்கள்

கேள்வி: நேரடி விதைப்பு செய்த சம்பா வயலில் நெல்லைப் போலவே ஒரு புல் முளைத்து வருகிறது. கதிர் தள்ளிய பிறகுதான் களை என்று தெரிகிறது. இளசாக இருக்கும்போதே கண்டுபிடிப்பது எப்படி? மற்றக் களைகளையும் விளக்கவும்.
– ஒரு விவசாயி, முத்துப்பேட்டை

பதில்: அது பெரும்பாலும் குதிரைவாலிப் புல். நடவு வயலில் தேங்கும் தண்ணீர் இதை அடக்கிவிடும். கடைமடையில் தண்ணீர் பிந்தும்போது நெல்லோடு சேர்ந்தே முளைத்துவிடுகிறது. பூக்கும்வரை விட்டால் விதை கொட்டி அடுத்த போகத்துக்கும் தொல்லை. ஆகவே 15 முதல் 20 நாளுக்குள் இலையைப் பார்த்துப் பிரித்தறிய வேண்டும்.

குதிரைவாலி: இலை தண்டோடு சேரும் இடத்தை மெல்ல விலக்கிப் பாருங்கள். நெல்லில் அங்கே நாக்கு போன்ற மெல்லிய சவ்வும், இருபுறமும் ரோமமுள்ள சிறு காதுகளும் இருக்கும். குதிரைவாலியில் இரண்டும் இருக்காது.

கோரை: பூத்தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று பட்டை தெரியும். கணு இருக்காது.

ஆராக்கீரை: ஒரு காம்பில் நான்கு இலைகள். இது பெரணி வகை, பூக்கவே பூக்காது. வரப்பில் மூன்று இலையும் மஞ்சள் பூவுமாக இருப்பது புளியாரை.

கரிசலாங்கண்ணி: சொரசொரப்பான எதிரெதிர் இலைகள், வெள்ளைப் பூ. இலையைக் கசக்கினால் சாறு கறுக்கும்.

களை எதுவென்று தெரியாமல் மருந்து வாங்கினால் பணம் வீண். 2,4-டி அகன்ற இலைக் களைகளையும் கோரையையும் கட்டுப்படுத்தும், குதிரைவாலி தப்பித்துக்கொள்ளும். குதிரைவாலி மிகுந்த வயலில், களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போது, பிஸ்பைரிபாக் சோடியம் 10 சதவீத மருந்தை ஏக்கருக்கு 100 மி.லி. தெளிக்கலாம். தண்ணீரை வடித்துவிட்டுத் தெளித்து, இரண்டு நாளில் மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும்.

தப்பிய குதிரைவாலியைக் கதிர் முற்றுமுன் கையால் பிடுங்கி வயலுக்கு வெளியே போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு செடியை வேரோடு எடுத்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய்க் காட்டுங்கள். அதன்பிறகு மருந்துக் கடைக்குப் போகலாம்.