வரி வாங்க கம்ப்யூட்டர்! வடிகால் அடைப்பை எடுக்க யார்?

சென்னை மாநகராட்சிக்கு வரி கட்டுவது இப்போது ரொம்ப சுலபம். ரிப்பன் மாளிகைக்குப் போக வேண்டாம். ஆபீசில் கியூவில் நிற்க வேண்டாம். செல்போனை எடுத்து நாலு தட்டு தட்டினால் போதும். பணம் போய்விடும். ரசீது வந்துவிடும்!

முதல் அரையாண்டு சொத்து வரியை ஏப்ரல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. அதிகபட்சம் 5 ஆயிரம் ரூபாய். கட்டாமல் இழுத்தடித்தால் வட்டி. கம்ப்யூட்டரிடம் டிமிக்கி கொடுக்க முடியாது. கணக்குப் போட்டுக் காட்டிவிடும்.

இதைக் குறை சொல்லவில்லை. நல்ல ஏற்பாடுதான். பில் கலெக்டர் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்த காலம் போய்விட்டது.

ஆனால், இதே செல்போனில் "எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் அடைத்துக் கிடக்கிறது" என்று ஒரு புகார் கொடுத்துப் பாருங்கள். அப்போது தெரியும் சங்கதி!

உடனே புகார் எண் வரும். கொஞ்ச நாளில் இன்னொரு தகவல் வரும். "உங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது." ஆகா என்று வாசலுக்கு வந்து பார்த்தால், அடைப்பு அப்படியே இருக்கும்! கொசுவும் அப்படியே இருக்கும். இது ஒருவர், இருவர் சொல்லுகிற கதை அல்ல. வட சென்னை, தென் சென்னை என்று இல்லாமல் நகரவாசிகள் பல வருஷமாகப் புலம்புகிற விஷயம்.

புகார் சொல்ல வேண்டிய நம்பர் 1913. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட வருஷமும் 1913! நம்பரை மறக்க மாட்டோம். வேலைதான் நடக்க வேண்டும்.

அதிலும் ஒரு கூத்து. தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மழைநீர் என்றால் மாநகராட்சி. சாக்கடைத் தண்ணீர் என்றால் மெட்ரோ வாட்டர். அதற்கு 1916-ஐக் கூப்பிட வேண்டும். தண்ணீருக்குள் கேபிள் கிடந்தால் மின்வாரியம். பெரிய ரோடாக இருந்தால் நெடுஞ்சாலைத் துறையாகவும் இருக்கலாம். முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கிட்டு பஸ்சுக்கு ஓடுகிற குமாஸ்தா, இது எந்த இலாகா தண்ணீர் என்று முகர்ந்து பார்த்தா சொல்ல முடியும்?

சரி, ஜனங்கள் பணம் கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள்!

1998-க்குப் பிறகு 20 வருஷம் சென்னையில் சொத்து வரி உயரவே இல்லை. 2018-ல் உயர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2019-ல் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் விழுந்தது ஒரே அடி! பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 50 சதவீதம் உயர்வு. 1,200 வரை 75. 1,800 வரை 100. அதற்கு மேல் 150. கடைக்காரர்களுக்கும் 150 சதவீதம்! 2024-ல் மேலும் 6 சதவீதம் ஏற்றினார்கள். மாதச் சம்பளக்காரர்களுக்குத் தொழில் வரி வேறு. அது வருஷத்துக்கு 2,500 ரூபாய் வரை போகும்.

மாநகராட்சி பக்கமும் நியாயம் இருக்கிறது. 2011-ல் 174 சதுர கிலோ மீட்டராக இருந்த நகரம் 426 ஆகிவிட்டது. வார்டு 155-ல் இருந்து 200. வளர்ந்த ஊருக்குப் பழைய வரி எப்படிப் போதும்? வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. ஓட்டுக்குப் பயந்து தூங்கியது கட்சிகளின் தப்பு. போதாததற்கு 2016 அக்டோபரில் இருந்து 2022 வரை கவுன்சிலரே கிடையாது. கேள்வி கேட்க ஆளே இல்லாத மாநகராட்சி!

இப்போது கடன் வேறு. 2025-ல் மழைநீர் வடிகால் வேலைக்காக 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது மாநகராட்சி. பங்குச் சந்தையில் பட்டியலும் ஆனது. பெருமையாகப் பேசினார்கள். பத்திரம் என்று சொன்னாலும் கடன் கடன்தானே? வட்டி கட்டப்போவது நம்ம வரிப்பணம்.

வடிகால் கட்டினால் மட்டும் போதுமா? 2021 நவம்பரில் தியாகராய நகர் மிதந்தது. "ஸ்மார்ட் சிட்டி" என்று கோடிகளைக் கொட்டி அலங்கரித்த அதே தியாகராய நகர்தான்! 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை ஜனங்கள் நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்தார்கள்.

கம்ப்யூட்டர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் பர்மிங்ஹாமைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் லண்டனுக்கு அடுத்த பெரிய நகரம் அது. 2023 செப்டம்பர் 5-ந்தேதி, "அத்தியாவசியச் செலவு தவிர வேறு புதிய செலவு கிடையாது" என்று அந்த நகரசபை கையை விரித்தது. பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய சமச்சம்பள பாக்கி மலைபோல் ஏறியது ஒரு காரணம். புதிய கம்ப்யூட்டர் கணக்கு முறை இன்னொரு காரணம்! சுமார் 2 கோடி பவுனில் முடியும் என்று தொடங்கிய வேலை, 10 கோடி பவுனையும் தாண்டியது. கணக்கு சரியாகத் தெரியாமல் அதிகாரிகள் தவித்தார்கள். 2024-ல் ஜனங்களுக்கு 10 சதவீதத்தை ஒட்டி வரி உயர்வு. 2025-ல் குப்பை லாரி ஊழியர்கள் வேலைநிறுத்தம். தெருவெல்லாம் குப்பை மூட்டை, எலி!

நாம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. புகாரை முடித்துவைக்கும் அதிகாரம் புகார் கொடுத்தவர் கையில் இருக்க வேண்டும். அவர் "ஆமாம், வேலை முடிந்தது" என்று சொன்னால்தான் முடிந்த கணக்கு. இதில் விதிவிலக்கே கூடாது. எந்த இலாகா என்று தேடும் வேலை ஜனங்களுக்கு வேண்டாம். புகாரை எங்கே சொன்னாலும் உரிய ஆபீசுக்கு அனுப்புவதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குத்தானே அது?

வார்டு ஆபீசு வாசலில் ஒரு போர்டு. இந்த வார்டில் எவ்வளவு வரி வந்தது, எவ்வளவு செலவானது, எந்தத் தெரு வடிகாலைத் தூர்வாரியது எந்த காண்டிராக்டர், என்றைக்கு வாரினார். இதை எழுதிப்போட எத்தனை ரூபாய் ஆகும்?

இரண்டாவது அரையாண்டு வரி அக்டோபரில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே அக்டோபரில்தான். வரி கேட்டு செல்போனுக்குத் தகவல் வருவதற்கு முன்னால் அந்த போர்டு வாசலில் தொங்க வேண்டும். மேயரும் கமிஷனரும் உத்தரவு போடுவார்களா?