காருக்கு அளவு உண்டு

சிவகாசி 2021இல் மாநகராட்சியானது. ரதவீதி நெரிசல் என்றாலே என் காதில் விழுவது ஒரே கேள்விதான்: வண்டியை எங்கே நிறுத்துவது? சட்டம் வண்டியை மறக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டட விதிகளில் ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அவ்வளவு இடத்தில் நாலு பெண்கள் கீரையும் பூவும் விற்றால் ஆக்கிரமிப்பு. கார் நாளெல்லாம் நின்றால் பார்க்கிங்.

சாலையோர வியாபாரிகள் சட்டம், 2014, கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் எழுப்பக்கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மாணவிகளே, அந்தப் பெண்கள் யார் யாரென்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

பட்டாசு ஆலைக்குள் அறைக்கும் அறைக்கும் இத்தனை மீட்டர் என்று அளந்துவைத்த அரசு, விடியுமுன் ஆலை வண்டிக்காகச் சாலையோரம் நிற்பவளுக்கு ஓரடிகூட அளக்கவில்லை. முதலில் அவளுக்கு நிழற்குடையும் கழிப்பறையும் கட்டுங்கள். காருக்குக் கோடு பிறகு போடலாம்.