குதிரைக்காரரை மாத்தினா போதுமா?

"விபிஎன் போட்டாச்சு, இனிமே நீ நெட்ல என்ன பண்றேன்னு ஒருத்தனும் பாக்க முடியாது"ன்னு என் தங்கச்சிகிட்ட ஒரு நாள் ஜம்பமா சொன்னேன். அது தப்பு. இன்னிக்கு அதைப் பத்தித்தான் புலம்பப் போறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க :-)

அவ கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல சேர்ந்த நேரம். வைஃபை பாஸ்வேர்டை வராண்டா சுவத்துலயே ஒட்டி வெச்சிருந்தாங்க. பொட்டி தட்டிப் பொழைக்கிற அண்ணன் சும்மா இருப்பானா? அவ போன்ல ஒரு இலவச விபிஎன் ஆப்பைப் போட்டுக் குடுத்தேன். நல்ல ஸ்டார், ஏகப்பட்ட டவுன்லோடு. அதோட சரி, நடத்துறது யாரு, காசு எங்கருந்து வருதுன்னு பாக்கவே இல்ல. இஞ்சினியரிங் படிச்ச லட்சணம் இது.

அப்புறம் நண்பர்களோட வட்டக்கானல்ல இருந்து வெள்ளகவிக்கு நடந்தோம். வண்டி போகாத மலைக்கிராமம்னு பேர் வாங்கின ஊர். ஊருக்குள்ள யாரும் செருப்புப் போடறதில்ல, நாங்களும் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டோம். நாங்க போனப்ப சாமான் எல்லாம் குதிரை முதுகுலதான் போச்சு. கூட வந்த அண்ணன்கிட்ட, "ஏண்ணே, யார் வீட்டுக்கு என்ன வாங்கினாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே?"ன்னு சும்மா கேட்டேன்.

"மூட்டையைக் கட்டித்தான தம்பி ஏத்துறோம், உள்ள என்னன்னு யாருக்குத் தெரியும்? ஆனா எந்தக் கடையில ஏத்தினது, யார் வீட்டுல எறக்கினதுன்னு குதிரைக்காரனுக்குத் தெரியாமலா போயிரும்?"

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. நெட்வொர்க் பாடத்துல மண்டையில ஏறாத விஷயத்தை மனுஷன் ரெண்டே வரியில சொல்லிட்டாரு.

இன்னிக்குப் பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்ல ஓடுது. அது கட்டின மூட்டை. பேங்க் பாஸ்வேர்டு, மெயில்ல எழுதினது எல்லாம் ஹாஸ்டல் வைஃபைக்காரருக்குத் தெரியாது. ஆனா எந்தத் தளத்துக்கு, எந்த நேரத்துல போனீங்கங்கறது தெரிய வாய்ப்பு இருக்கு. விபிஎன் அந்த மூட்டையை இன்னொரு சாக்குல போட்டுத் தன்னோட சர்வர் விலாசத்தை எழுதிடும். வைஃபைக்காரருக்கு அந்த விலாசம் மட்டும்தான் தெரியும். சரி, சர்வர்ல வெளிச்சாக்கைப் பிரிக்கிறது யாரு? விபிஎன் கம்பெனி. முன்னாடி வைஃபைக்காரர் பாத்ததை இப்ப இவங்க பாக்கலாம். ஆக, குதிரைக்காரரை ஒழிக்கல, ஆளை மாத்தியிருக்கோம். அவ்வளவுதான்.

புது ஆள் யோக்கியமாங்கறதுதான் கேள்வியே. ஓனாவோன்னு ஒரு இலவச விபிஎன். 2013ல ஃபேஸ்புக் அதை வாங்குச்சு. உங்க தகவலைப் பாதுகாக்கிறோம்னு சொல்லிக்கிட்டே, யார் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பாக்கறாங்கன்னு கணக்கெடுத்துச்சு. 2018ல ஆப்பிள் கடையை விட்டுப் போச்சு, 2019ல மூடினாங்க. 2023ல ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதுக்காக மெட்டாவோட ரெண்டு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. ஹோலான்னு இன்னொண்ணு, இலவசமா சேர்ந்தவங்களோட இணைப்பையே வெளியாளுங்களுக்கு வித்துக்கிட்டு இருந்தது 2015ல பெரிசா வெடிச்சது. அதாவது, உங்க வீட்டு வாசல் வழியா ஊர்பேர் தெரியாதவன் போயிட்டு வருவான்.

நம்ம அரசாங்கம் என்ன பண்ணுச்சு? 2022 ஏப்ரல் 28ல செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டுச்சு. விபிஎன் கம்பெனிங்க வாடிக்கையாளர் பேர், விலாசம், ஐபி முகவரி எல்லாத்தையும் எழுதி, அவர் விலகிப் போனப்புறமும் 5 வருஷம் வெச்சிருக்கணும். ஆபீஸ் விபிஎன்களுக்கு விதிவிலக்கு. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் எல்லாம் அந்த வருஷமே இந்திய சர்வர்களைக் காலி பண்ணிட்டுக் கிளம்பிடுச்சு.

சைபர் குற்றவாளிகளைப் பிடிக்க வேணாம்னு நான் சொல்லல. ஆனா "கணக்கு எழுத மாட்டேன்"னு சொன்னவன் கிளம்பிட்டான், என்ன எழுதறான்னே தெரியாத ஓசி ஆப் மட்டும் போன்ல உக்காந்திருக்கு. இதுல என் தங்கச்சி மாதிரி ஆளுக்கு என்ன லாபம்? 2023 ஏப்ரல்ல ஸ்வீடன் போலீஸ் வாரண்டோட முல்வாட் விபிஎன் ஆபீசுக்குப் போனாங்க. வாடிக்கையாளர் விவரம் எதையும் சேர்த்து வைக்காததால வெறுங்கையோட திரும்பினாங்க. எழுதாத கணக்கை யாரும் பிடுங்க முடியாது. பாதுகாப்புன்னா எனக்கு அதுதான்.

அதனால விபிஎன் ஆரம்பிக்கறவங்க ஆப்பைத் தேடறதுக்கு முன்னாடி, "நான் யார்கிட்ட இருந்து மறைக்கணும்?"னு ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. வைஃபைக்காரர்கிட்ட இருந்துன்னா, விபிஎன் உதவும். கூகுள்கிட்ட இருந்துன்னா, லாகின் பண்ணிட்டு எந்த விபிஎன் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. பேங்க் வேலை மட்டும்தான்னா, சொந்த மொபைல் டேட்டாவே போதும். ஆபீஸ் விபிஎன்ல சொந்த வேலை பாத்தா, அது ஆபீஸ்காரங்க கண்ணு முன்னாடி பாக்கற மாதிரி.

விபிஎன் வேணும்னு முடிவு பண்ணிட்டா, காசு எங்கருந்து வருதுன்னு பாருங்க. வெளியாளை வெச்சுத் தணிக்கை பண்ணி அறிக்கை போட்டிருக்காங்களா, மூல நிரலைத் திறந்து காட்டியிருக்காங்களான்னு பாருங்க. இலவசம்னாலே திருட்டும் இல்ல. ப்ரோட்டான் விபிஎன்ல காசு கட்டறவங்க பணத்துலதான் இலவசக் கணக்கும் ஓடுதுன்னு வெளிப்படையா சொல்றாங்க. இணைப்பு அறுந்தா நெட்டையே நிறுத்துற 'கில் சுவிட்ச்' வசதியையும் போட்டு வைங்க.

ஊருக்கு வந்தப்ப தங்கச்சி போன்ல இருந்து அந்த ஆப்பை எடுத்துட்டு, இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப இவ்வளவு நாள் நான் எங்கெங்க போனேன்னு அவங்ககிட்ட இருக்குமாண்ணா?"ன்னா.

"தெரியல"ன்னேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல.

டிஸ்கி: உங்க வீட்டுலயும் நீங்கதான் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ள'ன்னா, அடுத்தவங்க போன்ல எதையாவது போடறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் யோசிங்க. அவங்க நம்பறது ஆப்பை இல்ல, உங்களை.