சின்னத்தில் கரையும் கொள்கை

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில், திருவெறும்பூருக்கு இப்பால் உள்ளது காட்டூர். அது திருவெறும்பூர்ச் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. 2011-இல் அத்தொகுதியில் வென்ற சின்னம் முரசு. 2016-இலும் 2021-இலும் வென்றது உதயசூரியன். முரசுக்குரிய தேசிய முற்போக்குத் திராவிடக் கழகம் 2011-இல் 29 இடங்களைப் பெற்றது. ஐந்தே ஆண்டில் ஓரிடமும் இன்றி நின்றது. அது வளர்ந்தபோது எந்தக் கொள்கைக்காக வளர்ந்தது, வீழ்ந்தபோது எந்தக் கொள்கை வீழ்ந்தது என்று வினவினால், அதற்கு வாக்களித்த காட்டூர்க்காரராலும் விடை கூறல் அரிது. பெருங்கட்சி வேண்டா என்னும் சலிப்பே அதன் முதலாக இருந்தது. சலிப்பு ஒரு கொள்கையாகாது.

கொள்கை கூறிப் பிறந்த கட்சிகளின் வரலாறோ இதனினும் வருந்தத்தக்கது. 1956 மே மாதத்தில் இதே திருச்சியில் கூடிய திராவிட முன்னேற்றக் கழக மாநாட்டில், தேர்தலில் நிற்பதா வேண்டாவா என்று வாக்கெடுக்கப்பட்டது. நிற்கலாம் என்றோர் 56,942 பேர். வேண்டா என்றோர் 4,203 பேர். மறு ஆண்டே 15 பேர் சட்டமன்றம் புகுந்தனர். 1967-இல் ஆட்சியே கைக்கு வந்தது. ஆனால் இடையில், 1963-இல், பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க இயலாதவாறு அரசியல் சட்டம் பதினாறாம் முறையாகத் திருத்தப்பட்டதும், நாட்டு விடுதலைக் கோரிக்கை கைவிடப்பட்டது. கட்சியைக் காக்கக் கொள்கையை விட்டோம் என்பது அன்று கூறப்பட்ட அமைதி. அன்று வேண்டா என்ற அந்த 4,203 பேரை இன்று நினைப்பார் யார்?

தமிழ்நாட்டுரிமையைத் தனிக் கொள்கையாகக் கொண்டு எழுந்த சிறு கட்சிகளின் முடிவும் வேறன்று. சி.பா. ஆதித்தனார் 1958-இல் தொடங்கிய 'நாம் தமிழர்' இயக்கம் தனித் தமிழ்நாடு கேட்டது, 1967-இல் தி.மு.க.வுடன் இணைந்தது, அதன் தலைவர் சட்டமன்றப் பேரவைத் தலைவரானார். ஈ.வெ.கி. சம்பத்து 1961-இல் கண்ட தமிழ்த் தேசியக் கட்சி மூன்றே ஆண்டில் பேராயக் கட்சியில் (காங்கிரசில்) கரைந்தது. ம.பொ.சி. 1946-இல் தொடங்கிய தமிழரசுக் கழகத்தை மட்டும் சற்றே வேறாக மதிப்பிடல் வேண்டும். வடவெல்லைப் போராட்டத்தால் 1960-இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. அந்த ஆக்கம் சட்டமன்ற இருக்கையால் வந்ததன்று, தெருவில் நின்று கேட்டதால் வந்தது. பின்னர் 1967-இல் ம.பொ.சி.யும் உதயசூரியன் சின்னத்தில் நின்றே சட்டமன்றம் சென்றார்.

ஒரு கட்சி பிறிதொரு கட்சியின் சின்னத்தில் நிற்றலின் விளைவைப் பலர் உணர்வதில்லை. அவ்வாறு வென்றவர் சட்டமன்றப் பதிவேட்டில் சின்னத்துக்குரிய கட்சியின் உறுப்பினராகவே எண்ணப்படுவார். அக்கட்சிக் கொறடாவின் ஆணை அவரையும் கட்டும். 1985-ஆம் ஆண்டுக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, மீறினால் பதவி போம். அவர் பெற்ற வாக்கும் பெருங்கட்சியின் கணக்கிலேயே ஏறும். 2021-இல் மறுமலர்ச்சி தி.மு.க.வினர் அறுவர் உதயசூரியனில் நின்று நால்வர் வென்றனர், அந்நால்வரும் தி.மு.க.வின் 133 என்னும் தொகையுள் அடக்கம். கூலிக்கு உழுதவன் விளைச்சலுக்கு உரிமை கோர இயலுமா?

2024 நாடாளுமன்றத் தேர்தலில் அதே கட்சி திருச்சித் தொகுதியில் உதயசூரியனை ஏலாது தன் சின்னத்திலேயே நிற்பது என உறுதி கொண்டது. பழைய பம்பரம் கிடைக்கவில்லை, தீப்பெட்டி கிடைத்தது, துரை வைகோ வென்றார். புதுச் சின்னமாயினும் மக்கள் கண்டறிந்து வாக்களிப்பர் என்பதற்கு இது சான்று. எனினும் 39 தொகுதிகள் உள்ள மாநிலத்தில் ஏற்பிசைவு பெற நாடாளுமன்ற இடம் இரண்டு வேண்டும். கூட்டணியில் அதற்குக் கிடைத்ததே ஒன்றுதான். இரண்டு இடங்களிலும் பானைச் சின்னத்தில் வென்ற விடுதலைச் சிறுத்தைகள் கட்சி அவ்வேற்பிசைவைப் பெற்றது. எவருடனும் சேராது நின்ற இன்றைய நாம் தமிழர் கட்சியோ, ஓரிடமும் வெல்லாமல், 8 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வாக்கால் அதே நிலையை அடைந்தது. பொதுவுடைமைக் கட்சிகள் இரண்டும் எத்துணை இடம் குறையினும் தத்தம் சின்னத்திலேயே நிற்பது பாராட்டத்தக்கதே. (கொள்கையளவில் அவை தில்லித் தலைமையை நோக்குவன என்பது வேறு.)

இனி, கட்சிகள் எதற்காக நிற்கின்றன என்பதை அறியக் கொள்கை விளக்க ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. 1989 முதல், பதிவு கோரும் எக்கட்சியும் இந்திய ஒற்றுமைக்கும் இறையாண்மைக்கும் உறுதிமொழி எழுதித் தரவேண்டும் என்பது சட்டம். ஆதலால் ஏடுகள் பெரும்பாலும் ஒரே குரலில் பேசும். கல்வி என்னும் ஒரு பொருளை உரைகல்லாகக் கொண்டாலே போதும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் இயற்றப்பட்ட 42-ஆம் திருத்தத்தால், கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் பறிக்கப்பட்டது. அவ்வாண்டு சனவரி 31-இலேயே தமிழக அரசு கலைக்கப்பட்டிருந்தமையால், எதிர்த்துத் தீர்மானம் செய்யவும் சட்டமன்றம் இல்லை.

அதன்பின் தில்லி அமைச்சரவையில் தமிழகக் கட்சிகள் பலமுறை அமர்ந்தன. 1979-இல் சரண்சிங்கு அரசில் அ.இ.அ.தி.மு.க.; 1989-இலும் 1996-இலும் தி.மு.க.; 1998-இல் அ.இ.அ.தி.மு.க.வும் பாட்டாளி மக்கள் கட்சியும், 1999-இல் தி.மு.க., ம.தி.மு.க., பா.ம.க. மூன்றும், 2004-இல் மீண்டும் தி.மு.க.வும் பா.ம.க.வும். இவற்றுள் சில ஆட்சிகள் தமிழக உறுப்பினரின் கைதூக்கலாலேயே நின்றன. 1999-இல் ஒன்று அவர்கள் கை விலகியதாலேயே வீழ்ந்தது. அவ்வளவு வலிமை இருந்தும் துறைகள் கேட்டுப் பெறப்பட்டன; கல்வி கேட்டுப் பெறப்படவில்லை. பறித்த பேராயக் கட்சியும் திருப்பித் தரவில்லை. அதை எதிர்த்து ஆட்சிக்கு வந்த பாரதிய சனதாக் கட்சியும் தரவில்லை.

அதன் பயனை இன்று மாணவர் நுகர்கின்றனர். மருத்துவ நுழைவுத் தேர்விலிருந்து விலக்குக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் சட்டவரைவு இயற்றியது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2022 பிப்பிரவரியில் மீண்டும் இயற்றியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்பிரலில் அச்சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது.

1938 ஆகத்து முதல் நாளில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியினின்று சென்னைக்கு நடந்த தமிழர் படைக்குச் சின்னமும் இல்லை, தொகுதியும் இல்லை. 1964 சனவரி 25-இல் திருச்சித் தொடர்வண்டி நிலையத்தின் முன் தமிழுக்காகத் தீக்குளித்த கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி எந்தப் பதவிக்கும் நின்றவரல்லர். இனித் தஞ்சைச் சாலை வழியே வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியாரையும், பெரியவராயினும் சிறியவராயினும், காட்டூர் மக்கள் நிறுத்திக் கேட்கத் தக்க வினா ஒன்றுண்டு: தில்லியில் உங்கள் கை ஓங்கியிருந்த நாளில் கல்வியை மீட்க என்ன விலை கேட்டீர்கள்?